கயிறு கட்டிய பூதம்

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு என்னைப் போலவே முட்டி தேய்ந்திருக்கும், மீதிப் பேருக்குச் சர்க்கரை இருக்கும். அதனால் உங்களிடம் மூடி மறைத்துப் பேச எனக்கு அவசியமில்லை. சின்ன வயசில் நாமெல்லாம் தங்கமான பிள்ளைகளாக இருந்தோம் என்று பேரப்பிள்ளைகளிடம் கதை விடுகிறோமே, அதை இன்றைக்கு ஒருநாள் ஓரமாக வைப்போம். நான் பத்து வயசில் ஒருத்தியின் முதுகைக் கிழித்தவள். ஒரு நல்ல மனுஷனின் கை உடையக் காரணமாக இருந்தவள். இரண்டுக்கும் ஆரம்பம், மிஷன் பள்ளிக்கூடத்துச் சாமியார்களை நான் இனம் பிரித்த விளையாட்டு.

எங்கள் குப்பம் பழவேற்காடு ஏரிக்கரையில் இருந்தது. அறுபதுகளில் ஒரு ஐப்பசி. புயல் வந்து கூரைகளைப் பிய்த்துக்கொண்டு போனது. ஓடு போட்ட கட்டிடம் என்று இருந்தது மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றுதான். குப்பமே குண்டான் சட்டியோடு அங்கே போய் ஒண்டியது. பொங்கல் கழிந்த பிறகும் எங்களுக்குச் சோறு அங்கேதான். கோதுமை நொய்க் கஞ்சி, பவுடர் கரைத்த பால். அந்தப் பாலின் வாடை எனக்கு இன்றைக்கும் மூக்கில் இருக்கிறது. கட்டிகட்டியாக மிதக்கும், அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், விரலை விட்டு நோண்டி எடுக்க வேண்டும்.

அதுவரை எங்களுக்குத் தெரிந்த சாமியார் ஒருத்தர்தான், கறுப்பு அங்கி போட்ட ஹெட்மாஸ்டர். புயலுக்குப் பிறகு கோதுமை லாரிகளோடு மற்றவர்கள் வந்து இறங்கினார்கள். ஆனால் ஒருத்தர் மாதிரி ஒருத்தர் இல்லை. வெள்ளை அங்கிமேல் கறுப்புப் போர்வை போட்டவர் ஒருத்தர். பழுப்பு அங்கியும் இடுப்பில் கயிறும் தாடியுமாக இரண்டு பேர். கஞ்சி போட்ட வெள்ளைத் தொப்பி இரண்டு பக்கமும் றெக்கை மாதிரி விரிந்து நிற்க, மருந்துப் பெட்டியோடு மூன்று சிஸ்டர்கள். எல்லோரும் ஒரே ஏசுவைத்தான் கும்பிட்டார்கள். பிறகு எதற்கு இத்தனை வேஷம்? நாங்கள் பெரியபாளையத்தம்மனுக்கு வேப்பிலை கட்டுகிறவர்கள், எங்களுக்கு இதையெல்லாம் எடுத்துச் சொல்ல ஆளில்லை. ஆள் இல்லாத இடத்தில் நான் போய் உட்கார்ந்துகொண்டேன்.

எனக்கு அந்தத் தகுதி கூத்தினால் வந்தது. என் அத்தை புருஷனை நான் மாமா என்று கூப்பிடுவேன். மற்ற நாளில் அவர் ஒரு சாதாரண வலைக்காரர். ஆடி மாசத்துக் கூத்தில் அவர்தான் அசுரன். முகத்தில் செந்தூரம், தோளில் கண்ணாடித் துண்டு பதித்த புஜக்கட்டை, தலையில் மரக் கிரீடம். அவர் களத்தில் குதிக்கிற நேரம் பார்த்துப் பிள்ளைத்தாய்ச்சிகளை எழுப்பி வெளியே கூட்டிப் போய்விடுவார்கள். குடிக்காத நாளில் அவர் எனக்கு எல்லாம் சொல்லித் தருவார்: அசுரர் யார், கந்தர்வர் யார், பூதகணம் எங்கே நிற்கும், கின்னரருக்கு ஏன் றெக்கை, நாகர் ஏன் மண்ணுக்கு மேலே வருவதில்லை. அவருடைய சொந்த மகளுக்கு அவர் எதையும் சொல்லித் தந்ததில்லை. அவளுக்குக் கிடைத்ததெல்லாம் அடி. குடித்தால் அடிப்பார், குடிக்கக் கிடைக்காவிட்டால் அதற்கும் அடிப்பார்.

அந்த மகள், என் அத்தை மகள், என்னைவிட ஆறு மாசம் இளையவள். நானும் அவளும் ஒரே பாயில் தூங்கினோம், ஒரே தட்டில் கஞ்சி குடித்தோம்.

பள்ளிக்கூடத்து வராந்தாவில் பிள்ளைகளை உட்கார வைத்து நான்தான் இனம் பிரித்தேன்.

"கறுப்பு அங்கி இன்னா இனம்?" என்று ஒரு பையன் கேட்டான்.

"அசுரர்."

"ஹெட்மாஸ்டரையா அசுரன்றே? காதுல உழுந்தா தோலு உரிஞ்சிடும்."

"அசுரன்னா கேவலம்னு நெனச்சிக்கினியா? படிப்பு, தவம், வரம் எல்லாம் அவங்களாண்டதான் கீது. கூத்துல யாருக்குடா பெரிய கிரீடம்?"

ஹெட்மாஸ்டருக்கு ஏழு பாஷை தெரியும் என்று சொல்வார்கள். திங்கள்கிழமை காலையில் வீட்டுக் கணக்கு போடாதவர்களைக் கூப்பிட்டு, உள்ளங்கையை நீட்டச் சொல்லி, பிரம்பை எண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு அடிப்பார். முகத்தில் கோபமே இருக்காது. அடி முடிந்ததும் "போ, தண்ணியில நனை" என்பார். அவரைப் போல நியாயமான மனுஷன் உண்டா என்று எங்கள் குப்பத்துப் பெரியவர்கள் கை கூப்புவார்கள். அசுரனுக்கு வேறென்ன லட்சணம் வேண்டும்?

வெள்ளை அங்கியும் கறுப்புப் போர்வையும் போட்டவர் கந்தர்வர். ஒல்லி, சிவப்பு, கால் மிதிக்கிற பெரிய ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு சாயங்காலம் பாடுவார். றெக்கைத் தொப்பி சிஸ்டர்கள் கின்னரர், அதில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. பட்டணத்தில் சில சிஸ்டர்கள் கம்பிக்கதவுக்குப் பின்னால் போனால் சாகிற வரைக்கும் வெளியே வரமாட்டார்கள், யார் முகத்தையும் பார்க்கமாட்டார்கள் என்று கந்தர்வர் ஒருநாள் சொன்னார். நான் உடனே அவர்களை நாகரில் சேர்த்தேன். பழுப்பு அங்கிக்காரர்கள் பூதகணம். வயிறும் தாடியுமாக இருந்தார்கள், ஆளுக்கு ஒரு மூட்டையை ஒரு கையால் தூக்கினார்கள், செருப்பில்லாமல் சேற்றில் நடந்தார்கள், அண்டாவை வழித்துக் கஞ்சி குடித்தார்கள். பூதம் சண்டையில் முன்னால் நிற்கும், ஆனால் பூதத்துக்குக் கிரீடம் கிடையாது.

பிறகு பிள்ளைகளையும் பிரித்தேன். இதுதான் நான் செய்த மகா பாவம். எங்கள் ஏரியில் பாடு என்று ஒன்று உண்டு. எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலை விடலாம் என்று சீட்டுப் போட்டு முறை வைப்பது. அந்தச் சீட்டில் பேர் வர வேண்டுமானால், பாடு உரிமை உள்ள குடும்பத்தில் பிறந்திருக்க வேண்டும். அப்பனுக்கு உண்டென்றால் மகனுக்கு உண்டு. வெளியாள் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் கரையில் நின்று பார்க்க வேண்டியதுதான். உலகத்தில் எல்லாமே பாடு மாதிரி பிறப்பில் வருவதாகத்தான் நான் நினைத்திருந்தேன். ஆகவே அப்பன் எப்படியோ பிள்ளையும் அப்படியே என்று சட்டம் போட்டேன். நாதஸ்வரக்காரர் மகன் கந்தர்வன். வலை இழுக்கிறவர்களின் பிள்ளைகள் பூதம். மாமா அசுரன், அதனால் அத்தை மகள் அசுரக் கூட்டம். இனம் பிரிக்கிறவளுக்கு இனம் கிடையாது என்று என்னை மட்டும் வெளியே வைத்துக்கொண்டேன். பாருங்கள் என் சாமர்த்தியத்தை.

பூதத்துக்கும் அசுரருக்கும் தினம் சண்டை. விளையாட்டு என்று பேர்தான். கிளிஞ்சல் விளிம்பால் கிழித்துக்கொண்டோம், பனை மட்டையால் சாத்திக்கொண்டோம். ஒரு பையனுக்கு முன்பல் இரண்டு போனது. ஒருத்திக்குச் சூடான கஞ்சி காலில் கொட்டித் தோல் உரிந்து வந்தது. பெரியவர்கள் யாரும் கேட்கவில்லை. அவர்களே அந்தப் பருவத்தில் வெறிபிடித்த மாதிரி இருந்தார்கள். வலையும் படகும் போய், சாராயத்துக்கும் சண்டைக்கும் மட்டும் குறைவில்லை. மார்கழியில் அடுத்த குப்பத்துக்காரன் ஒருத்தன் எங்கள் பாடு நடக்கிற இடத்தில் திருட்டு வலை விட்டான். அவனைப் பிடித்து வந்து, கொடிக்கம்பத்தில் கட்டி, நனைந்த கயிற்றால் அடித்தார்கள். நாங்கள் பிள்ளைகள் முன் வரிசையில் உட்கார்ந்து பார்த்தோம். அவன் மூத்திரம் போனபோது சிரித்தோம்.

அதைப் பார்த்துத்தான் எனக்குக் கயிறு ஞாபகம் வந்தது. பூதங்களின் இடுப்புக் கயிற்றில் மூன்று முடிச்சு இருக்கும். ஒவ்வொரு முடிச்சும் அவர்கள் கொன்ற ஒரு அசுரன் என்று ஏற்கனவே நான் அளந்து வைத்திருந்தேன். என் அப்பாவின் கிழிந்த வலையிலிருந்து மூன்று ஈயக்குண்டுகளை அறுத்தெடுத்தேன். வலை தண்ணீரில் அமிழ்வதற்காகக் கட்டுகிற குண்டு அது, அப்பாவே ஈயத்தை உருக்கிச் சிப்பியில் ஊற்றிச் செய்வார். ஒரு முழக் கயிற்றில் மூன்று முடிச்சு, முடிச்சுக்குள் ஒரு குண்டு. தூக்கிச் சுழற்றினால் காற்று கத்தும். அதை வைத்துக்கொண்டு புதுச் சட்டம் சொன்னேன்: இனம் மாறுகிறவர்களுக்கு மூன்று அடி.

தை மாசத்தில், பூதங்களில் பெரியவர் சவுக்குத் தோப்பில் கிணறு வெட்டத் தொடங்கினார். இருந்த கிணற்றில் புயல் உப்புத் தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டியிருந்தது. அவரை எல்லோரும் பிரதர் என்று கூப்பிட்டார்கள். மலையாளத்துக்காரர். அங்கியைத் தூக்கி அந்தக் கயிற்றிலேயே செருகிக்கொண்டு, இடுப்பளவு குழியில் நின்று மண் வெட்டுவார். நாங்கள் மேலே உட்கார்ந்து வேடிக்கை பார்ப்போம். ஒருநாள் அத்தை மகள் குழிக்குள் எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

"பிரதர், நீங்க பொறக்கும்போதே இந்த எனமா?"

அவருக்குப் புரியவில்லை. அவள் அங்கியைக் காட்டிக் கேட்டதும் சிரித்தார். தாடியெல்லாம் மண்.

"ஆரும் இங்ஙனெ ஜனிக்கில்லா கொச்சே. என்ட அப்பன் வள்ளக்காரன். உங்க அப்பன் போலெ, மீன் பிடிக்கும்."

"அப்ப உங்க கூடப் பொறந்தவங்க?"

"தம்பி கறுப்பு அங்கி. அனியத்தி, தங்கச்சி ஒருத்தி, தலையில இங்ஙனெ." இரண்டு கையையும் றெக்கை மாதிரி விரித்துக் காட்டினார். "ஓரோருத்தருக்கு இஷ்டம். எனிக்கு இது இஷ்டம்."

ஒரே வயிற்றில் பூதமும் அசுரனும் கின்னரியுமா? கயிற்று முடிச்சு எதற்கு என்று நான் மடக்கிப் பார்த்தேன். அவர் முடிச்சுகளைத் தொட்டு, ஒன்றும் சொந்தமாக வைத்துக்கொள்ள மாட்டேன், கல்யாணம் பண்ணிக்கொள்ள மாட்டேன், சொன்னதைக் கேட்பேன், இதுதான் நான் கொடுத்த வாக்கு என்று பாதி மலையாளத்தில் சொன்னார். கொன்ற கணக்கு ஒன்றும் அதில் இல்லை. மற்ற பிள்ளைகள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

திரும்பி வரும்போது அத்தை மகள் குதித்துக்கொண்டே வந்தாள்.

"கேட்டியாடி? இஷ்டப்பட்டுப் போட்டுக்கறதாம். நான் கந்தர்வருக்கு மாறிக்கறேன்."

"மாறக் கூடாது. உங்க நைனா அசுரன்."

"அவரு அசுரன்னா நான் இன்னா பண்றது? அவரு மாதிரி நான் இருக்க மாட்டேன். செத்தாலும் இருக்க மாட்டேன்."

"பாடு மாதிரிடி இது. பொறப்புல வர்றது."

"போடி, நீ சொல்றதெல்லாம் டூப்பு" என்றாள்.

மறுநாள் சாயங்காலம் அவள் ஆர்மோனியத்துக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் குரல் உண்டு என்று எனக்குத் தெரியும், இருட்டில் என் காதோரம் முனகுவாள். அன்றைக்கு வாய் திறந்து பாடினாள். கஞ்சிக்கு வரிசையில் நின்ற பெண்கள் தட்டோடு திரும்பிப் பார்த்தார்கள். கந்தர்வர் ஆர்மோனியத்தை நிறுத்திவிட்டு அவளைத் தனியாகப் பாடச் சொன்னார். ஒரு வாரத்தில் பிள்ளைகள் ஒவ்வொருத்தராக அந்தப் பெஞ்சுக்குப் போய்விட்டார்கள். நாதஸ்வரக்காரர் மகன் பூதமாகிக் கிணற்று மண் சுமந்தான். வராந்தாவில் நான் அந்தக் கயிற்றை வைத்துக்கொண்டு நாலே பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தேன். பொறாமைதான், வேறென்ன சொல்ல? ஆறு மாசம் இளையவள், அடிவாங்கி அடிவாங்கித் தோள் சுருங்கி நடந்தவள், என் ராஜ்ஜியத்தை ஒரே பாட்டில் பிடுங்கிக்கொண்டாள்.

மாசி மாசத்தில் ஒருநாள், பொழுது சாய்கிற நேரத்தில் அவளைச் சவுக்குத் தோப்புக்குக் கூப்பிட்டேன். எனக்கு மிச்சமிருந்த நாலு பிள்ளைகள் அவளை மரத்தைக் கட்டிக்கொண்டு நிற்க வைத்தார்கள். இரண்டு பேர் கையைப் பிடித்தார்கள். அவள் முதலில் விளையாட்டு என்றுதான் நினைத்தாள். "சீக்கிரம் அட்சிட்டு வுடுங்கடி, பாட்டுக்கு நேரமாச்சு" என்றாள்.

முதல் அடியில் அவள் மூச்சு நின்று திரும்பியது. இரண்டாவது அடியில் பாவாடைச் சட்டை கிழிந்தது. உள்ளே மாமா கொடுத்த பழைய தழும்புகள் வரிவரியாக இருந்தன, அவற்றின் மேலேயே அடித்தேன். மூன்றாவது அடிக்குப் பிறகு நான் கேட்டேன்: "சொல்லு, நீ யாரு?"

"நான் எங்க நைனா இல்ல" என்றாள். "நீ எத்தினி அடிச்சாலும் நான் அவரு இல்ல."

சட்டப்படி மூன்றோடு நிறுத்தியிருக்க வேண்டும். நான் நிறுத்தவில்லை. எத்தனை என்று எனக்குத் தெரியாது. கையைப் பிடித்திருந்த பிள்ளைகள் பயந்து விட்டுவிட்டு ஓடினார்கள். அவள் சரிந்தாள். சரியும்போது ஒரு அடி காதுக்குப் பின்னால் விழுந்தது. அப்போதுதான் அவள் கண் சொருகியது. சவுக்கு ஊசி மேலெல்லாம் ரத்தம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அடிக்கும்போது எனக்குக் கை வலிக்கவில்லை, மனசும் வலிக்கவில்லை. சுகமாக இருந்தது.

கிணற்றிலிருந்து பிரதர் ஏறி ஓடிவந்தார். என் கையிலிருந்த கயிற்றைப் பிடுங்கினார். ஒரு முடிச்சைக் கட்டை விரலால் அமுக்கிப் பார்த்தார், உள்ளே ஈயம் தட்டுப்பட்டிருக்கும். பிறகு தன் இடுப்புக் கயிற்றைக் குனிந்து பார்த்தார். அடிக்கப் போகிறார் என்று நான் தலையைக் கையால் மூடிக்கொண்டேன். அவர் அடிக்கவில்லை. அத்தை மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, கயிற்றையும் கையில் பிடித்தபடியே சிஸ்டர்களின் மருந்துக் கொட்டகைக்கு ஓடினார்.

குப்பம் பார்த்தது அதைத்தான். தோப்புக்குள்ளிருந்து ஒரு தாடிக்காரன் வருகிறான், தோளில் சட்டை கிழிந்த பெண் பிள்ளை, கையில் ரத்தக் கயிறு. முடிச்சுப் போட்ட கயிறு எங்கள் பக்கத்தில் யாரிடம் உண்டு? கஞ்சி அண்டாவின் பக்கத்தில் நின்ற என் அத்தை தலையில் அடித்துக்கொண்டு ஓடினாள். "அய்யோ, எம்பொண்ண இன்னா பண்ணிட்டாம் பாருங்களே." ஆண்கள் கரையிலிருந்து வந்தார்கள். மாமா படகு தள்ளுகிற கழியோடு வந்தார்.

கொட்டகைக் கட்டிலில் அவளைக் கிடத்தியிருந்தார்கள். கின்னரி ஒருத்தி பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தாள். பிரதர் கட்டிலருகே மண்டி போட்டிருந்தார். நான் கூட்டத்தின் கால்களுக்கு நடுவில் நுழைந்து, கட்டில் தெரிகிற இடத்தில் நின்றேன். அத்தை மகள் கண்ணைத் திறந்தாள். நேராக என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

அப்போது மாமா உள்ளே வந்து நின்றார். "யாரும்மா?" என்று கேட்டார். "யாரும்மா உன்ன அடிச்சது? இவனா?"

அவள் என்னை விட்டுப் பார்வையை எடுத்தாள். மாமாவைப் பார்த்தாள். பிறகு, ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

முதல் அடியிலேயே பிரதரின் வலது கை முழங்கைக்குக் கீழே உடைந்தது. விறகு முறிகிற சத்தம். "ஞான் அல்லா" என்றார், நான் இல்லை என்று. அவரை வெளியே இழுத்துப் போட்டார்கள். கழி, துடுப்பு, செங்கல், கையில் கிடைத்ததெல்லாம் விழுந்தது. அவர் நினைத்திருந்தால் நாலு பேரைத் தூக்கி எறிந்திருக்கலாம், மூட்டை தூக்கிய கை. நல்ல கையால் முகத்தை மறைத்துக்கொண்டு "ஞான் அல்லா, ஞான் அல்லா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். வாயில் ரத்தம் நிறைந்ததும் அதுவும் தெளிவாகக் கேட்கவில்லை. அவருடைய இடுப்புக் கயிற்றையே அவிழ்த்து அவரைக் கட்டினார்கள். என் அப்பாவும் அடித்தார். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் வாய் திறக்கவில்லை.

ஹெட்மாஸ்டர் வந்து கையைத் தூக்கியதும் கூட்டம் விலகியது. அவர் தரையில் கிடந்த ஈயக்கயிற்றையும், கட்டியிருந்த கயிற்றையும், மாறி மாறிப் பார்த்தார். பிரதர் ஏதோ இங்கிலீஷில் சொல்ல முயன்றார். "நீங்க பேச வேணாம்" என்றார் ஹெட்மாஸ்டர், தமிழில், எல்லோரும் கேட்கும்படி. பிறகு எங்கள் ஆட்களைப் பார்த்து, "நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன். இவரை நான் பார்த்துக்கறேன்" என்றார். அந்த மனுஷன் நாலு மாசம் ஒருநாளாவது ஒரு பிள்ளையை அடித்ததுண்டா என்று அவர் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். திங்கள்தோறும் பிரம்பு துடைத்தவருக்கு அது தோன்றவே இல்லை. மறுநாள் காலையில் லாரியில், கோதுமை மூட்டை வந்த அதே லாரியில், பிரதரைப் படுக்க வைத்துப் பொன்னேரிக்கு அனுப்பினார்கள்.

இரண்டு நாள் கழித்து நான் அப்பாவிடம் சொல்லப் போனேன். அவர் கரையில் உட்கார்ந்து வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தார். மடியில் மூன்று ஈயக்குண்டுகள் இருந்தன. அவர் கையால் வார்த்தவை, அவருக்குத் தெரியாதா? கொட்டகையில் கிடந்த கயிற்றை யாருக்கும் தெரியாமல் எடுத்துவந்து, குண்டுகளை நன்றாகக் கழுவியிருந்தார்.

"நைனா, பிரதர் இல்ல..."

கன்னத்தில் அறைந்தார். மணலில் விழுந்தேன்.

"கம்முனு கெட. ஊரே சேந்து அட்சாச்சு. இப்ப போயி நாங்க தப்புன்னு சொல்றதா? சொன்னா உன்னயும் கொடிக்கம்பத்துல கட்டணும், தெரியுதா?"

பிறகு அவர் அந்தக் குண்டுகளை ஒவ்வொன்றாக வலையில் திரும்பக் கட்டினார். அந்த வலையில் பிடித்த மீனை அந்த வருஷம் முழுக்கச் சாப்பிட்டோம்.

கிணறு அப்படியே நின்றது. மழைக்கு அது இடிந்து தூர்ந்தது. கந்தர்வர் மட்டும் பல வருஷம் கழித்து, நான் டீச்சர் டிரெயினிங்கில் இருந்தபோது, பொன்னேரி பஸ் ஸ்டாண்டில் தற்செயலாகக் கண்ணில் பட்டார். பிரதரைப் பற்றிக் கேட்டேன். விசாரணை வைத்தார்களாம். கை நேராகவில்லையாம். அங்கியைக் கழற்றச் சொல்லிவிட்டார்களாம். ஊருக்குப் போனவர் வள்ளத்துக்கும் போக முடியாமல் அண்ணன் வீட்டில் கிடக்கிறார் என்றார். "ரொம்ப நல்லா மண் வெட்டுவார்" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் பஸ் வந்துவிட்டது. நான் ஓடிப்போய் ஏறிக்கொண்டேன்.

அத்தை மகள் அதற்குப் பிறகு அந்தப் பெஞ்சுக்குப் போகவில்லை. ஒரு காது மந்தமாகிவிட்டது, சுருதி பிடிபடவில்லை என்றாள். பள்ளிக்கூடமும் நின்றது. ஆனால் அவள்தான் எனக்குத் தெய்வம். அவ்வளவு அடித்தும் என்னைக் காட்டிக்கொடுக்காதவள். எனக்கு வாங்கிய ரிப்பனை அவளுக்குக் கொடுத்தேன், என் பங்கு மீனைக் கொடுத்தேன், முதல் சம்பளத்தில் அவளுக்குத்தான் சேலை எடுத்தேன். கும்மிடிப்பூண்டியில் புதுசாக வந்த ஒரு பேக்டரியில் வேலை பார்க்கிறவனுக்கு அவளைக் கட்டிக்கொடுத்தபோது, தாலி கட்டும் நேரத்தில் அவள் அம்மாவைவிட அதிகமாக அழுதது நான். அவள் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வாள், ஒன்றும் சொல்லமாட்டாள்.

எழுபதுகளின் நடுவில் மாமா செத்தார். கல்லீரல் அழுகிச் செத்தார். அத்தை மகள் புருஷனோடு வந்து, பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்து அழுத அழுகையைப் பார்த்து எனக்கே ஆச்சரியம். அடித்து அடித்து வளர்த்த மனுஷனுக்கு இத்தனை கண்ணீரா? பிணத்தை எடுத்துப் போன பிறகு பெண்கள் முழுக ஏரிக்கு வந்தோம். நானும் அவளும் கரையில் பின்தங்கினோம். பத்து வருஷமாகத் தொண்டையில் இருந்ததை அப்போது சொல்லிவிட்டேன்.

"நீ அன்னிக்கு எம் பேரச் சொல்லல. என்னக் காப்பாத்திட்டே. சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்."

அவள் கேட்கிற காதை என் பக்கம் திருப்பினாள்.

"உன்னயா? உன்ன எதுக்கு நான் காப்பாத்தணும்? உம் பேரச் சொல்லத்தான் வாயத் தொறந்தேன்."

அவள் மணலில் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன்.

"எங்க நைனா கழியத் தூக்கிக்கினு வந்து, யாரும்மான்னு கேட்டாரு. அம்மான்னு. அதுக்கு முன்னாடி என்ன அப்பிடிக் கூப்ட்டதே இல்ல. உம் பேரச் சொன்னா இன்னா ஆயிருக்கும்? மச்சான் பொண்ணு, வெளையாட்டு, வுடுன்னு கழியப் போட்டுட்டுப் போயிருப்பாரு. அவரு எனக்கோசரம் ஒருத்தன அடிக்கணும். அத நான் பாக்கணும். அவ்ளோதான்."

"அந்த மனுசன் உன்னத் தூக்கிக்கினு ஓடியாந்தாருடி."

"தெரியும். நான் மயக்கமா இல்ல. வழியெல்லாம் இன்னாமோ சொல்லி என்ன சமாதானம் பண்ணிக்கினே வந்தாரு." அவள் சேலை முந்தானையில் ஒட்டிய மணலைத் தட்டினாள். "நான் தலைய ஆட்டறப்போ அவரு கை என் தலைக்கடியிலதான் இருந்திச்சு. நான் ஆட்டனது அவருக்குக் கைலயே தெரிஞ்சிருக்கும். நைனா கழிய ஓங்கிட்டாரு. அவரு கைய வெடுக்குனு இஸ்துக்கல. என் தல இடிக்காம மெதுவா கட்டில்ல வெச்சிட்டுத்தான் எடுத்தாரு. அதுக்குள்ள அந்தக் கை மேலயே கழி உழுந்திடுச்சு."

பெண்கள் எங்களைக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்து போய்த் தண்ணீரில் இறங்கி, அப்பனுக்காக முழுகினாள்.